இடது வரப்பைத் தொடாமல் பார்ட்டிஷன் அளவை மாற்றுவது

போன மாதம் என் மடிக்கணினியில் சி ட்ரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது. 118 ஜிபியில் மிச்சம் 4 ஜிபி. பக்கத்திலேயே டி ட்ரைவில் 190 ஜிபி சும்மா கிடக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் எடுத்து இங்கே போட வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலும் நண்பர்களுக்குமாக இந்த வேலையை இருபது முப்பது கணினிகளிலாவது செய்திருப்பேன். ஒருமுறை இழந்தும் இருக்கிறேன். அதனால் எதைச் செய்வது என்பதோடு, எந்த வரிசையில், எதற்காக என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த இழப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகளை மூன்று வாரம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். 1,340 பக்கங்கள். சில நோட்டுகளில் தாள் புரட்டும்போதே உதிர்ந்தது, இன்னொரு முறை ஸ்கேன் செய்ய வழியில்லை. எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளில் ஒன்றான டி பார்ட்டிஷனில் இருந்தன. வேறு நகல் எடுக்கவில்லை. டி-க்கு இடப்பக்கம் 100 ஜிபி காலியாக இருந்ததால், அதையும் டி-யோடு சேர்த்துவிடலாம் என்று, பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளில் டி-யின் தொடக்கத்தை இடப்பக்கமாக இழுத்துவிட்டு, அப்ளை கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். இரவில் எப்போதோ சார்ஜர் பிளக் தளர்ந்திருக்கிறது. பழைய பேட்டரி. காலையில் மடிக்கணினி அணைந்து கிடந்தது. டி பார்ட்டிஷன் திறக்கவில்லை.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து டிஸ்க் முழுவதையும் துழாவியதில் 1,291 பக்கங்கள் கிடைத்தன. ஆனால் பெயர் இல்லாமல். ஃபோட்டோரெக் தான் மீட்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அது டிஸ்க்கில் கிடந்த செக்டாரின் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) எண்ணைத்தான் பெயராக வைக்கும். எந்தப் பக்கம் எந்த வருடத்தது என்று அப்பாவின் கையெழுத்தைப் படித்துப் படித்துத்தான் அடுக்கினேன். 49 பக்கங்கள் போனது போனதுதான்.

அன்று என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால், இந்த வேலையில் எது பயமில்லாதது, எது ஆபத்தானது என்பது தானாகவே பிரிந்து நிற்கும்.

டிஸ்க்கை ஒரு நீண்ட வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன்கள் அதில் வரிசையாக இருக்கும் பாத்திகள். இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்று. எந்தப் பாத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புதான் பார்ட்டிஷன் டேபிள். ஒவ்வொரு பாத்திக்குள்ளும், எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் ஃபைல் சிஸ்டம் இருக்கிறது. விண்டோஸில் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் பெரும்பாலும் இஎக்ஸ்டி4. ஃபைல் சிஸ்டம் தன் கோப்புகளின் இருப்பிடத்தை எண்ணுவது பாத்தியின் இடது வரப்பிலிருந்து.

இதுதான் விஷயத்தின் மையம். வலது வரப்பைத் தள்ளினால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை எதுவும் மாறாது. வலது ஓரத்தில் கிடக்கும் சில கோப்புகளை உள்ளே ஒதுக்கிவிட்டு வரப்பை நகர்த்தினால் முடிந்தது. சில நொடி, மிஞ்சிப்போனால் சில நிமிடம். ஆனால் இடது வரப்பைத் தள்ளினால் பூஜ்யமே இடம் மாறிவிடுகிறது. எனவே பாத்தியில் உள்ள ஒவ்வொரு பிளாக்கையும் எடுத்துப் புது இடத்தில் வைத்தாக வேண்டும். ஜிபார்ட்டெட் இதைச் செய்யும்போது காலி இடத்தையும் சேர்த்தே நகர்த்துகிறது, அதனால்தான் மணிக்கணக்கில் ஓடுகிறது. நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். எதுவரை நகர்த்தினோம் என்று குறித்து வைக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. என் டிஸ்க்குக்கு நடந்தது அதுதான்.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: டேட்டா உள்ள பார்ட்டிஷனின் இடது வரப்பைத் தொடுவதில்லை. வேலையை அதற்கேற்றபடி திட்டமிடுவேன். கீழே வரும் எல்லாமே இந்த விதியைச் சுற்றித்தான்.

முதலில், மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பலருக்குத் தேவையே இருக்காது. சி நிறைந்துவிட்டது என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள்தான் சி-யை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த ஃபோல்டர் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் லொக்கேஷன் என்ற டேப், அங்கே மூவ் கொடுத்து டி-யில் ஒரு ஃபோல்டரைக் காட்டினால் விண்டோஸே எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்துவிடும். டி-யின் தலைமீதே வைக்காமல் அதற்கென்று தனி ஃபோல்டர் உருவாக்கிக் காட்டுங்கள். ஹைபர்னேட் (திறந்திருப்பதை எல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் வசதி) பயன்படுத்தாதவர் என்றால் அதை அணைத்தாலே பல ஜிபி திரும்பக் கிடைக்கும். இதிலேயே வேலை முடிந்தால் வரப்பு பக்கமே போக வேண்டாம்.

என் கணினியில் இது எல்லாம் செய்தும் போதவில்லை. நிரல் எழுதும் கருவிகள் சி-யில்தான் உட்காருவேன் என்கின்றன.

தொடங்கும் முன்

பேக்கப். இதை எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் சொல்வது அதற்கு அடுத்த படி: எடுத்த பேக்கப்பைத் திறந்து பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணினியில் மாட்டி, நான்கைந்து ஃபோல்டர்களில் புகுந்து, ஒரு வீடியோவை நடுவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். மூல ஃபோல்டரிலும் நகலிலும் ப்ராப்பர்ட்டீஸ் போய்க் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் வைத்தது பேக்கப் ஆகாது. பார்ட்டிஷன் டேபிளே கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

சி ட்ரைவைத் தொடப் போகிறீர்கள் என்றால் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் விண்டோஸ் திரும்பி வராது. குளோன்ஸில்லா அல்லது ரெஸ்க்யூஸில்லாவைப் பென் ட்ரைவிலிருந்து பூட் செய்து முழு டிஸ்க்கின் இமேஜை, அதாவது டிஸ்க்கின் அச்சு நகலை, வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: குளோன்ஸில்லா இமேஜை, அது எடுக்கப்பட்ட பார்ட்டிஷனைவிடச் சிறிய பார்ட்டிஷனில் திரும்பப் போட முடியாது. பழைய நிலைக்கே திரும்புவதற்குத்தான் அது.

அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ரீஅலகேட்டட் செக்டார் கவுன்ட், கரன்ட் பெண்டிங் செக்டார் கவுன்ட் என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது பூஜ்யமாக இல்லை என்றால், டிஸ்க்கில் படிக்க முடியாமல் தடுமாறும் இடங்கள் இருக்கின்றன என்று பொருள். அந்த டிஸ்க்கில் வரப்பு மாற்றும் வேலையே வேண்டாம். இருப்பதை நகலெடுத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்றுங்கள்.

ஃபைல் சிஸ்டத்தையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் செக்டிஸ்க் கட்டளையை ட்ரைவ் எழுத்தோடும் /எஃப் என்பதோடும் கொடுங்கள். சி என்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் ஓடட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள்.

விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் யாரும் கேட்காமலேயே என்க்ரிப்ஷன் இயங்கிக்கொண்டிருக்கும். அதன் மீட்புச் சாவி 48 இலக்கங்கள். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்தால், தேவைப்படும் நேரத்தில் பூட்டிய பெட்டிக்குள் சாவி இருக்கும். பென் ட்ரைவில் பூட் செய்துவிட்டு வந்ததும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்பது உண்டு.

கடைசியாக, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை மொபைலில் ஒரு படம் எடுங்கள். ஜிபார்ட்டெட் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பார்ட்டிஷன் மீதும் ரைட் கிளிக், இன்ஃபர்மேஷன் போய், ஃபர்ஸ்ட் செக்டார், லாஸ்ட் செக்டார் என்ற இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். டேபிள் அழிந்துபோனாலும் இந்த எண்கள் கையில் இருந்தால் பாத்திகளைத் திரும்ப வரையலாம். பார்ட்டிஷன் டேபிளை அழிப்பதால் உள்ளே இருக்கும் டேட்டா அழிவதில்லை, வரப்பு மட்டும்தான் மறைகிறது.

வலது வரப்பு வேலைகள்

எளிதானவை இவை. விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். கடைசிப் பார்ட்டிஷனைச் சுருக்கிப் புதிதாக ஒன்று உருவாக்க, அதன் மீது ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். இங்கே ஒரு பெட்டியில் எண் கேட்கும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அது கேட்பது எவ்வளவு குறைக்க வேண்டும் என்று, எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று அல்ல. அதுவும் எம்பியில். 80 ஜிபி எடுக்க வேண்டுமென்றால் 80-ஐ 1024-ஆல் பெருக்கி 81920 என்று கொடுக்க வேண்டும். ஜிபார்ட்டெட்டில் இதற்கு நேர்மாறு: அங்கே நியூ சைஸ் என்று கேட்பது மிஞ்ச வேண்டிய அளவு.

பெரிதாக்க எக்ஸ்டெண்ட் வால்யூம். இது வேலை செய்ய, காலி இடம் அந்தப் பார்ட்டிஷனின் வலப்பக்கத்தில், இடையில் எதுவும் இல்லாமல், ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரி மங்கலாக இருக்கும். காலி இடம் தள்ளி இருக்கும்போது சில வழிகளில் போனால் டிஸ்க்கை டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று ஒரு எச்சரிக்கை வரும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் அந்த டிஸ்க்கில் லினக்ஸ் கருவிகளோடும் மீட்பு மென்பொருள்களோடும் பிறகு படாத பாடு பட வேண்டியிருக்கும்.

சி சுருங்க மறுத்தால்

லினக்ஸ் நிறுவுவதற்காக சி-யைச் சுருக்கப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இந்தச் சுவரில் முட்டுவார்கள். தோழி ஒருவரின் கணினியில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். 476 ஜிபி சி ட்ரைவ், பயன்பாட்டில் இருந்தது 140 ஜிபி மட்டும். ஆனால் ஷ்ரிங்க் பெட்டி 9 ஜிபிக்கு மேல் தர மறுத்தது.

காரணம், நகர்த்த முடியாத ஏதோ ஒரு கோப்பு வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் இயங்கிக்கொண்டே சுருக்குவதால், தான் பிடித்துக்கொண்டிருக்கும் சில கோப்புகளை அதனால் தூக்கி வைக்க முடியாது. எது அந்தக் கோப்பு என்று ஊகிக்க வேண்டியதில்லை, விண்டோஸே எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன். டீஃப்ராக் என்ற மூலத்திலிருந்து 259 என்ற எண்ணில் ஒரு பதிவு இருக்கும். அதைத் திறந்தால் வழிமறித்த கடைசிக் கோப்பின் பெயர் இருக்கும்.

நாங்கள் பார்த்தபோது முதலில் வந்த பெயர் ஹைபர்னேட் கோப்பு. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் கொடுத்து அதை நீக்கினோம். மறுபடி ஷ்ரிங்க். எண் 9-லிருந்து 31 ஜிபி ஆனது. மறுபடி 259 பார்த்தோம்: இப்போது பேஜ் ஃபைல், அதாவது ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ், விர்ச்சுவல் மெமரி வரை போய், நோ பேஜிங் ஃபைல் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தோம். அடுத்து சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டருக்குள் ஏதோ ஒன்று. அது, விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட்கள் இருக்கும் இடம். சிஸ்டம் ப்ரொடக்ஷனை அணைத்தால் பழைய ரீஸ்டோர் பாயின்ட்கள் எல்லாம் போய்விடும், இமேஜ் கையில் இருந்ததால் அணைத்தோம். அதன்பிறகு 190 ஜிபிக்கு மேல் தர ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் ஒரு பெயர், ஒரு தடை, ஒரு நீக்கம். பொறுமையாகச் செய்தால் முக்கால் மணி நேரம்.

இத்தனைக்கும் பிறகு என்டிஎஃப்எஸ்ஸின் சொந்த அட்டவணைக் கோப்புகளில் ஏதாவது பெயர் வந்து நின்றால், விண்டோஸை விட்டுவிட்டு ஜிபார்ட்டெட் போகலாம். அங்கே விண்டோஸ் இயங்காததால் அந்தக் கோப்புகளையும் நகர்த்திவிட்டுச் சுருக்க முடியும். பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷனை மட்டும் அதனால் சுருக்க முடியாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைக்காமல் போனாலும் பிரச்சினை. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், ஃபைல் சிஸ்டம் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகக் குறி இருக்கும். ஹைபர்னேட்டை அணைத்தால் அதுவும் சேர்ந்தே அணைந்துவிடும்.

டி-யிலிருந்து எடுத்து சி-க்குக் கொடுப்பது

இனி என் கணினி. 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 476 ஜிபி. இடமிருந்து வலமாக: கணினி பூட் ஆகத் தேவையான 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன், 118 ஜிபி சி, 650 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன், 357 ஜிபி டி. சி-யை 200 ஜிபி ஆக்க வேண்டும், அதாவது 82 ஜிபி கூடுதல்.

டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலப்பக்கத்தில், டிஸ்க்கின் கடைசியில்தான் வரும். சி-க்கு அது எட்டாது. இணையத்தில் பார்க்கும் பெரும்பாலான வழிமுறைகள், டி-யை வலப்பக்கமாக நகர்த்து என்று சொல்லும். அதாவது டி-யின் இடது வரப்பு. அதைத்தான் நான் செய்வதில்லை.

என் வழி நேரானது. டி-யில் இருப்பது 167 ஜிபி. எப்படியும் அதற்கு பேக்கப் எடுக்கத்தான் போகிறேன். எடுத்துச் சரிபார்த்த பிறகு டி-யை அழித்துவிட்டு, சி-யின் வலது வரப்பை நீட்டிவிட்டு, மிச்ச இடத்தில் டி-யைப் புதிதாக உருவாக்கி, நகலைத் திரும்பப் போட்டுவிட்டால் ஆயிற்று. எந்தக் கட்டத்தில் மின்சாரம் போனாலும் முழு நகல் ஒன்று தனியாக, இணைப்பில்லாமல், மேஜைமேல் இருக்கும். சுற்றுவழி போலத் தெரியும், ஆனால் பயமில்லாத வழி.

நகலுக்கு ரோபோகாப்பி பயன்படுத்தினேன். விண்டோஸிலேயே இருக்கிறது. வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸாக இருந்தால் /எம்ஐஆர், /காப்பிஆல் இரண்டும் கொடுத்து ஓட்டும்போது கோப்புகளின் தேதி, அனுமதிகள் எல்லாம் அப்படியே வரும். ஆனால் /எம்ஐஆர் என்பது கண்ணாடி போல, மூலத்தில் இல்லாத எதையும் இலக்கில் அழித்துவிடும். வெளி டிஸ்க்கில் காலியான ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதையே இலக்காகக் கொடுங்கள். முடிந்ததும் ஒரு சிறிய அட்டவணை காட்டும். அதில் ஃபெயில்டு என்ற நெடுவரிசையைப் பாருங்கள். என்னுடையதில் முதல் முறை 3 என்று வந்தது, திறந்து வைத்திருந்த மூன்று கோப்புகள். மூடிவிட்டு மறுபடி ஓட்டியதும் 0. அந்த 0 வந்த பிறகுதான் டி-யில் கை வைத்தேன்.

அடுத்தது நடுவில் நிற்கும் 650 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன். டி-யை அழித்தாலும் இது சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் நிற்கும், எக்ஸ்டெண்ட் மங்கலாகவே இருக்கும். விண்டோஸ் பூட் ஆகாமல் போனால் சரிசெய்யும் கருவிகள் அதில்தான் இருக்கின்றன, எனவே சும்மா அழித்துவிடக் கூடாது. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ரீஏஜென்ட்சி /டிசேபிள் கொடுத்தேன். இது அந்தக் கருவிகளை சி-க்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. இப்போது அந்தச் சிறு பார்ட்டிஷனில் இழப்பதற்கு எதுவும் இல்லை, எனவே அதன் இடது வரப்பை நகர்த்துவதில் எனக்குத் தயக்கமில்லை.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி மீது டிலீட் வால்யூம். பிறகு ஜிபார்ட்டெட் லைவ் பென் ட்ரைவில் பூட் செய்தேன். பட்டியலில் 650 எம்பி பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ரீசைஸ்/மூவ். அங்கே ஃப்ரீ ஸ்பேஸ் ப்ரிசீடிங் என்ற பெட்டியில் 83968 என்று அடித்தேன். 82-ஐ 1024-ஆல் பெருக்கியது. அலைன் டு என்ற இடத்தில் எம்ஐபி என்றே இருக்கட்டும், மாற்றாதீர்கள். ஃபர்ஸ்ட் செக்டார் மாறுவதால் பூட் ஆகாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. நகர்த்துவது விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை அல்ல என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு சரி கொடுத்தேன். பச்சை டிக் அழுத்தும் வரை எதுவும் எழுதப்படாது, அதனால் கீழே வரிசையில் நிற்கும் வேலைப் பட்டியலை வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம். ஒரே ஒரு வரி: இந்தப் பார்ட்டிஷனை வலப்பக்கம் நகர்த்து. டிக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்ப விண்டோஸ். சி மீது எக்ஸ்டெண்ட் வால்யூம், நெக்ஸ்ட், ஃபினிஷ். 118 இருந்த இடத்தில் 200. ரீஏஜென்ட்சி /எனேபிள் கொடுத்து, /இன்ஃபோ கொடுத்துப் பார்த்தேன், எனேபிள்டு என்று வந்தது. மிச்சமிருந்த 275 ஜிபியில் நியூ சிம்பிள் வால்யூம், அதே டி எழுத்து, என்டிஎஃப்எஸ். எழுத்து மாறினால் பழைய ஷார்ட்கட்கள், டி-யில் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் வழி தெரியாமல் நிற்கும். பிறகு ரோபோகாப்பியைத் திசை மாற்றி ஓட்டினேன். நகலெடுத்தது ஒன்றேகால் மணி, திரும்பப் போட்டது ஏறக்குறைய அதே அளவு, நடுவில் உள்ள வேலை இருபது நிமிடம்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பார்ட்டிஷனை டிலீட் செய்ததோடு நின்றால் டேட்டாவை மீட்க ஒருவேளை வழி இருக்கலாம், நிச்சயமில்லை. ஆனால் புதிய பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்த கணத்தில், அந்த இடம் முழுவதும் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். ட்ரிம் என்பது அதன் பெயர். அதற்குப் பிறகு ஃபோட்டோரெக்கூட வெறும் பூஜ்யங்களைத்தான் பார்க்கும்.

லினக்ஸில்

வரிசை ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு பார்ட்டிஷன். பெரிதாக்கும்போது முதலில் பார்ட்டிஷன், பிறகு ஃபைல் சிஸ்டம். மாற்றிச் செய்தால் பயிர் நிற்கும்போதே வரப்பை உள்ளே போட்ட கதை, ஃபைல் சிஸ்டத்தின் வால் வெட்டுப்படும். ஜிபார்ட்டெட் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்கிறது, அதனால் கட்டளைகளைக் கையால் அடிப்பதைவிட அதையே பயன்படுத்தச் சொல்வேன்.

இஎக்ஸ்டி4 ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாகும், ஆனால் சுருக்க அதை அன்மவுன்ட் செய்தாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து விடுவித்தாக வேண்டும். லினக்ஸே இருக்கும் ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் பென் ட்ரைவ் வேண்டும். லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ் இரண்டையும் ஓடும்போதே செய்யும். எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொன்றின் விஷயத்தில் சுருக்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அது வளர மட்டுமே தெரிந்தது. சுருக்க வேண்டுமென்றால் நகலெடுத்து, அழித்து, சிறியதாக உருவாக்கித் திரும்பப் போட வேண்டியதுதான்.

ரூட்டுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் சில கணினிகளில் ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) உட்கார்ந்திருக்கும். அதில் வைத்துக் காக்க எதுவும் இல்லை, ஸ்வாப்ஆஃப் கொடுத்து அழித்துவிட்டு வலது ஓரத்தில் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் புதிய ஸ்வாப்புக்கு யூயூஐடி என்ற புதிய அடையாள எண் வந்துவிடும். பூட்டின்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணே இருந்தால், அடுத்த பூட்டில் இல்லாத பார்ட்டிஷனுக்காக 90 நொடி காத்திருந்துவிட்டுத்தான் கணினி எழும். எதையோ உடைத்துவிட்டோம் என்று பதற வேண்டாம், அந்த ஒரு வரியைத் திருத்தினால் சரியாகிவிடும்.

ஏதாவது தவறினால்

ரீஸ்டார்ட் செய்ததும், இந்த ட்ரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டும். கேன்சல் கொடுங்கள். அந்தப் பெட்டிக்கு ஒத்துக்கொண்டு இழந்தவர்கள், பார்ட்டிஷன் வேலையால் இழந்தவர்களைவிட அதிகம் என்பது நான் பார்த்த அளவில் உண்மை. செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். பாதி நகர்ந்த ஃபைல் சிஸ்டத்தை அது சரிசெய்கிறேன் என்று இறங்கினால் மிச்சமிருக்கும் தடயங்களையும் அழித்துவிடும்.

பார்ட்டிஷன் டேபிள் மட்டும் கெட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் போதும். அனலைஸ் கொடுத்தால் தொலைந்த பார்ட்டிஷன்களின் எல்லைகளைத் தேடிக் காட்டும். ஒவ்வொன்றிலும் பி விசையை அழுத்திக் கோப்புகளின் பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் கண்ணில் பட்ட பிறகு மட்டும் ரைட் கொடுங்கள். முன்பு எழுதி வைத்த செக்டார் எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இங்கேதான்.

நகர்த்தும்போது பாதியில் நின்றது என்றால் டெஸ்ட்டிஸ்க் உதவாது. அந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதாமல், டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளை வைத்து முழு டிஸ்க்கையும் அதே அளவோ பெரிதோ உள்ள இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலின் மீது ஃபோட்டோரெக் ஓட்டுங்கள். மீட்ட கோப்புகளை மூன்றாவது ஓர் இடத்தில் சேமியுங்கள். நான் அன்று செய்யத் தவறியது இதில் முதல் பாதி. மூல டிஸ்க்கிலேயே வெவ்வேறு மென்பொருள்களை நிறுவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 49-இல் சில அப்போதுதான் போயிருக்க வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தால்

அணைத்ததை எல்லாம் திரும்பப் போடுங்கள்: பேஜ் ஃபைல், சிஸ்டம் ப்ரொடக்ஷன், வேண்டுமென்றால் ஹைபர்னேட். புதிய டி-க்கு பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், முன்பு இருந்து இப்போது இல்லை என்றால் மறுபடி இயக்குங்கள். இரண்டு ட்ரைவ்களிலும் ஒருமுறை செக்டிஸ்க், இந்த முறை /எஃப் இல்லாமல், வெறும் சோதனைக்கு. அப்புறம் இரண்டு முறை முழுதாக ஷட் டவுன் செய்து திரும்ப இயக்கிப் பாருங்கள்.

வெளி டிஸ்க்கில் இருக்கும் நகலை உடனே அழிக்காதீர்கள். நான் இரண்டு வாரம் வைத்திருப்பேன். அதற்குள் அன்றாடம் திறக்கும் கோப்புகள், மாதம் ஒருமுறை திறக்கும் கணக்குக் கோப்பு, எப்போதாவது பார்க்கும் படங்கள் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று திறந்திருப்பேன். அப்பாவின் 1,291 பக்கங்கள் இப்போது இரண்டு வெளி டிஸ்க்குகளில் இருக்கின்றன. இந்த முறை டி-யை அழிக்கும் முன் இரண்டையும் மாட்டி, 1961 என்ற ஃபோல்டரைத் திறந்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் டிலீட் வால்யூம் அழுத்தினேன்.